வலிப்புக்குக் கீட்டோ உணவுமுறை: சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகள்

எங்கள் மகளுக்கு வலிப்பு நோய். மூன்றரை வயதில் தொடங்கியது. நின்றுகொண்டிருக்கும்போதே தலை தொங்கி, கால் மடங்கி, அப்படியே விழுவாள். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது தடவை. வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட் போட்டு வைத்திருந்தோம். மூன்று மருந்துகள் பார்த்தாகிவிட்டது, நிற்கவில்லை. அதன்பிறகுதான் நரம்பியல் மருத்துவர் கீட்டோஜெனிக் உணவுமுறையை, அதாவது கொழுப்பு மிக அதிகமாகவும் மாவுச்சத்து மிகக் குறைவாகவும் உள்ள சாப்பாட்டைச் சொன்னார். ஆரம்பித்து 19 மாதம் ஆகிறது. இப்போது வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, அதுவும் லேசாகத் தலை அசைவதோடு நின்றுவிடுகிறது. ஹெல்மெட் அலமாரிக்குள் போய்விட்டது.

இந்த 19 மாதத்தில் தராசோடு பட்ட பாட்டைவிட, பதில் சொல்லிப் பட்ட பாடுதான் அதிகம். கேட்டவர்கள் எல்லாருமே அவள்மேல் உயிரை வைத்திருப்பவர்கள். அதனாலேயே எரிச்சல்படாமல், தப்பில்லாமல் பதில் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், எங்கள் வீட்டில் எடுபட்ட பதில்களையும் இங்கே தருகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஒரு பிள்ளையின் அம்மா. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே இந்த உணவுமுறையைத் தொடங்கிவிடாதீர்கள். ஏன் கூடாது என்பதும் கீழே இருக்கிறது.

"எடை குறைக்க எல்லாரும் இருக்காங்களே, அந்தக் கீட்டோதானே?"

பெயர் ஒன்று, வேலை வேறு. எடை குறைக்க இருப்பவர்கள் அரிசியையும் மாவையும் இனிப்பையும் தள்ளிவிட்டு, மற்றதை வயிறு கேட்கிற அளவு சாப்பிடுகிறார்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடரலாம். வலிப்புக்கான உணவுமுறையில் ஒவ்வொரு வேளையும் கிராம் கணக்கில் எழுதித் தரப்படுகிறது. குழந்தையின் வயது, எடை, உயரம், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் பார்த்து டயட்டீஷியன் கணக்குப் போடுகிறார். குழந்தை வளர வளரக் கணக்கும் மாறும். நாங்கள் முதல் சில நாட்கள் மருத்துவமனையில் தங்கித்தான் தொடங்கினோம்.

அதனால் நான் வெளியில் "டயட்" என்ற சொல்லையே விட்டுவிட்டேன். "டயட்" என்றால் விருப்பப்பட்டு இருப்பது, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்ற எண்ணம் கேட்பவர்களுக்கு வந்துவிடுகிறது. "வலிப்புக்கு வைத்தியம் நடக்கிறது, அந்த வைத்தியம் சாப்பாடு வழியாக நடக்கிறது" என்று சொல்கிறேன். இந்த ஒரு வரியிலேயே பாதிப் பேர் கேள்வியை நிறுத்திவிட்டார்கள்.

"சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு கொழுப்பா?"

ஆமாம், இவ்வளவுதான். மறைக்காமல் கணக்கையே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் மகளுக்கு 4:1 விகிதம். அதாவது எடைப்படி 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மற்ற இரண்டிலும் 4 கலோரி. ஆக, 40 கலோரியில் 36 கொழுப்பிலிருந்து வருகிறது. 90 சதவீதம்.

அவளுக்கு ஒரு நாளைக்கு 1,200 கலோரி. அதில் 120 கிராம் கொழுப்பு, 21 கிராம் புரதம், மீதி 9 கிராம்தான் மாவுச்சத்தும் சர்க்கரையும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம் இருக்கும். இரண்டு டீஸ்பூன் சர்க்கரை வாயில் போட்டால் அவளுடைய ஒரு நாள் கணக்கு ஏறத்தாழ முடிந்துவிட்டது. இதைச் சொல்லும்போது நான் கையில் ஒரு டீஸ்பூனை எடுத்துக் காட்டுவேன். சதவீதம் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்பதில்லை, ஸ்பூன் நிற்கிறது.

ஒரு வேளை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: முட்டை 35 கிராம், கெட்டியான கிரீம் 40 கிராம், வெண்ணெய் 13 கிராம், எண்ணெய் ஒன்றரை கிராம், வெள்ளரிக்காய் 25 கிராம். இது அவளுக்கென்று எழுதப்பட்டது. இன்னொரு பிள்ளைக்கு இதை அப்படியே கொடுக்கக் கூடாது.

"சாப்பாட்டை மாற்றினால் ஃபிட்ஸ் எப்படி நிற்கும்?"

மூளை வழக்கமாகக் குளுக்கோஸை எரித்து வேலை செய்கிறது. குளுக்கோஸ் வரத்து மிகவும் குறைந்துவிட்டால், கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்ற பொருட்களை உண்டாக்குகிறது. கொழுப்பு அப்படியே மூளைக்குள் போய் எரிபொருளாகாது, கீட்டோன் ஆகும். மூளை அதை எரித்து ஓடத் தொடங்கும்போது, பலருக்கு வலிப்பு குறைகிறது. ஏன் குறைகிறது என்பதற்கு ஒரே காரணம் என்று இல்லை. நரம்புச் செல்கள் தேவையில்லாமல் தூண்டப்படுவது அடங்குகிறது, செல்லின் ஆற்றல் இருப்பு கூடுகிறது, சில கொழுப்பு அமிலங்கள் நேரடியாகவே வேலை செய்கின்றன என்று பல வழிகளை ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பட்டினி கிடந்தால் வலிப்பு அடங்குகிறது என்பது மிகப் பழைய காலத்திலேயே கவனிக்கப்பட்ட விஷயம். ஆனால் எத்தனை நாள் பட்டினி கிடப்பது? 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர், பட்டினி கிடக்காமலே, கொழுப்பு மிகுந்த உணவைக் கொண்டு அதே நிலையை உடம்பில் உண்டாக்கலாம் என்றார். 'கீட்டோஜெனிக்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். எடை குறைக்க என்று இது பரவுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வலிப்புக்காகப் பிறந்தது. சந்தேகப்படும் பெரியவர்களுக்கு 1921 என்ற அந்த ஆண்டைச் சொல்லிப் பாருங்கள். "இது புதுசா வந்த கிறுக்கு" என்ற நினைப்பு அங்கேயே உடைகிறது.

"அவ்வளவு நல்லதென்றால் ஏன் யாருக்கும் தெரியவில்லை?"

1938-இல் ஃபெனிட்டாயின் என்ற மருந்தின் பலன் தெரியவந்தது. மாத்திரை விழுங்குவது தராசு வைத்துச் சமைப்பதைவிடச் சுலபம், அதனால் இந்த உணவுமுறை மெல்ல ஓரம்கட்டப்பட்டது. ஒரு சில மருத்துவமனைகளில் மட்டும் தொடர்ந்தது. 1990-களில் ஜிம் ஆப்ரஹாம்ஸ் என்ற ஹாலிவுட் இயக்குநரின் மகன் சார்லிக்கு எந்த மருந்துக்கும் வலிப்பு நிற்கவில்லை. தகப்பனே நூலகத்தில் தேடிப் படித்து இதைக் கண்டுபிடித்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பையனுக்குத் தொடங்கினார்கள், வலிப்பு நின்றது. 1994-இல் அவர் சார்லி ஃபவுண்டேஷனைத் தொடங்கிய பிறகு இது மறுபடி உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

"நம்பகமான ஆதாரம் இருக்கிறதா?"

இருக்கிறது. லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. இரண்டு மருந்துகளாவது பார்த்தும் நிற்காத, ஏறத்தாழ தினமும் வலிப்பு வந்துகொண்டிருந்த 145 குழந்தைகள், வயது 2 முதல் 16 வரை. குலுக்கல் முறையில் 73 பேருக்கு உடனே இந்த உணவுமுறை, 72 பேருக்கு மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாத முடிவில், உணவுமுறையில் இருந்தவர்களில் 28 பேருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. மற்ற பிரிவில் 4 பேருக்கு மட்டும்.

73-இல் 28 என்றால் நூற்றுக்கு 38. அது எல்லாரும் இல்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். "கண்டிப்பா சரியாயிடும்" என்று நாம் மிகைப்படுத்திச் சொல்லிவிட்டால், முதல் மாதத்தில் ஒரு பெரிய வலிப்பு வந்ததுமே "நான்தான் சொன்னேனே" என்பார்கள்.

இரண்டு வகைப் பிள்ளைகளுக்கு மட்டும் இது கடைசி வழி இல்லை, முதல் வழி. குளுக்கோஸை மூளைக்குள் கொண்டுபோகும் புரதத்தில் பிறவியிலேயே குறை உள்ளவர்கள் ஒரு வகை. அதை குளூட்-1 குறைபாடு என்பார்கள். குளுக்கோஸிலிருந்து ஆற்றல் எடுக்க உதவும் ஒரு நொதியில் குறை உள்ளவர்கள் இன்னொரு வகை. அதை பைருவேட் டிஹைட்ரஜினேஸ் குறைபாடு என்பார்கள்.

"இன்னொரு மாத்திரை மாற்றிப் பார்க்கலாமே?"

எங்கள் வீட்டில் இதை மிகவும் வற்புறுத்திக் கேட்டவர் என் அண்ணன். அவருக்குச் சொன்ன பதில்: ஸ்காட்லாந்தில் புதிதாக வலிப்பு கண்ட 470 பேரைப் பின்தொடர்ந்து, 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் நூற்றுக்கு 47 பேர். இரண்டாவது மருந்தில் 13 பேர். மூன்றாவது மருந்திலோ, இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தோ நின்றவர்கள் 4 பேர்தான். பொருத்தமான இரண்டு மருந்துகள் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று மருத்துவ உலகம் கணக்கில் எடுக்கிறது. நாங்கள் மூன்று பார்த்துவிட்டோம். அண்ணன் அந்த 4 என்ற எண்ணைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, தராசு எது நல்லாயிருக்கும்னு நான் பார்க்கிறேன்" என்றார். இன்றைக்கும் நாங்கள் வைத்திருப்பது அவர் வாங்கித் தந்த தராசுதான், 0.1 கிராம் வரை காட்டும்.

மாத்திரையை நாங்கள் நிறுத்திவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். இல்லை. மூன்றில் ஒன்றை மருத்துவர் மெதுவாகக் குறைத்து நிறுத்தினார். மற்ற இரண்டும் தொடர்கின்றன. உணவுமுறை தொடங்கியதும் தாங்களாகவே மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

"ஒரே ஒரு வாய் கொடுத்தா என்ன ஆயிடும்?"

எல்லாக் கேள்விகளிலும் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. ஏனென்றால் கேட்டுவிட்டுக் கொடுப்பவர்களைவிட, கேட்காமல் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

நான்காவது மாதம். என் அப்பா வந்திருந்தார். அதற்குமுன் மூன்று வாரம் அவளுக்கு ஒரு வலிப்புகூட இல்லை. நான் துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன், அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், இவள் அவர் மடியில். இரண்டு பேரும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் உதட்டோரத்தில் பிஸ்கெட் தூள். அப்பாவின் வேட்டி மடிப்பிலும் தூள். "ரெண்டுதான்மா, பிள்ளை ஏக்கமா பார்த்துச்சு" என்றார். இரண்டு பிஸ்கெட் என்றால் ஒரு நாள் மாவுச்சத்தும் ஒரே வாயில். சாயங்காலம் சிறுநீரில் கீட்டோன் பட்டையை நனைத்துப் பார்த்தேன். எப்போதும் அடர்ந்த கத்தரிப்பூ நிறம் வரும், அன்றைக்கு வெளிறிய ரோஜா நிறம்தான் வந்தது. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது விழுந்தாள், தாடையில் இரண்டு தையல்.

பிஸ்கெட்டால்தான் விழுந்தாள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. காய்ச்சல், தூக்கமின்மை, எதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் இதை மருத்துவரிடம் சொன்னபோது, கட்டுப்பாடாக இருக்கும் பிள்ளைக்குத் திடீரென்று சர்க்கரை ஏறினால் கீட்டோன் சரிந்து, சில மணி நேரத்திலேயே வலிப்பு திரும்பலாம் என்றார். மறுபடி பழைய நிலைக்கு வரச் சில நாட்கள்கூட ஆகலாம். "ஒரு வாய்தானே" என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஒரு வாய் சாப்பாட்டைக் கொடுக்கவில்லை, ஒரு வேளை மருந்தைத் துப்பவைக்கிறீர்கள்.

அப்பாவிடம் அன்றைக்கு நான் சத்தம் போட்டேன். அது தப்பு. அவர் இரண்டு நாள் பேத்தியைத் தொடவே பயந்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை யோசித்து வைத்திருக்கிறேன்: "அப்பா, என்ன கொடுத்தீங்க, எவ்வளவு கொடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்." திட்டினால் அடுத்த தடவை மறைப்பார்கள். மறைப்பது பிஸ்கெட்டைவிட ஆபத்து.

"பிள்ளையைப் பட்டினி போடுறீங்களா? தட்டுல ஒண்ணுமே இல்லையே?"

தட்டு சின்னதாகத்தான் தெரியும். கொழுப்பு இடம் கொஞ்சமாகப் பிடிக்கும், கலோரி நிறைய இருக்கும். ஒரு குழிக் கிண்ணத்தில் அடங்கிவிடுகிற அந்தச் சாப்பாடு 300 கலோரி. நாங்கள் சின்னத் தட்டுக்கு மாறிவிட்டோம். பார்ப்பவர்களுக்கும் நிறைவாகத் தெரிகிறது, அவளுக்கும்தான். கீட்டோன் ஏறிய பிறகு பசியும் தானாகவே மட்டுப்படுகிறது. மாதாமாதம் எடை பார்க்கிறார்கள், குறைந்தால் கலோரியைக் கூட்டுகிறார்கள்.

ஏங்க மாட்டாளா என்றால், ஏங்கினாள். முதல் ஆறு வாரம் கடினம். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இப்போது யாராவது எதையாவது நீட்டினால், "இது எனக்கு அளந்ததா?" என்று கேட்கிறாள்.

"கீட்டோன் வந்தா ஆபத்துன்னு எனக்கே டாக்டர் சொல்லியிருக்காரே?"

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேட்பது. நியாயமான பயம். சர்க்கரை நோயில் இன்சுலின் போதாமல் போனால், இரத்தத்தில் சர்க்கரையும் கட்டுக்கடங்காமல் ஏறும், கீட்டோனும் கட்டுக்கடங்காமல் ஏறும், இரத்தம் அமிலமாகிவிடும். அது அவசரச் சிகிச்சை வேண்டிய நிலை. இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின் சரியாகச் சுரக்கிறது. கீட்டோன் ஓர் அளவுக்கு ஏறி அங்கேயே நிற்கிறது, சர்க்கரை ஏறுவதில்லை. ஆனாலும் அளவுக்கு மேல் ஏறினால் வாந்தி, வேகமான மூச்சு, அசாத்தியச் சோர்வு வரும். அப்போது என்ன கொடுக்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று மருத்துவக் குழு எழுதித் தந்திருக்கிறது. அந்தத் தாள் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டியிருக்கிறது.

"பக்கவிளைவே இல்லையா?"

உண்டு. மறைத்தால் நம்பிக்கை போய்விடும். மலச்சிக்கல் பல பிள்ளைகளுக்கு வருகிறது, எங்கள் மகளுக்கும் வந்தது. தொடக்க நாட்களில் வாந்தி, சோர்வு, இரத்தச் சர்க்கரை குறைதல். போகப்போகக் கொலஸ்டிரால் ஏறலாம், சில குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல் வருகிறது, உயரம் கூடும் வேகம் மட்டுப்படலாம், எலும்பு பலவீனமாகலாம். அதற்காகத்தான் வைட்டமின், கால்சியம் எல்லாம் தனியாக, சர்க்கரை சேர்க்காத மாத்திரையாகக் கொடுக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தம், சிறுநீர் பரிசோதனை.

வீட்டில் தானாகத் தொடங்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. உடம்பால் கொழுப்பை உடைக்க முடியாத சில பிறவிக் குறைகள் உண்டு. கார்னிடின் குறைபாடு அதில் ஒன்று. அப்படிப்பட்ட குழந்தைக்கு இந்த உணவைக் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து. தொடங்குமுன் அதற்கான பரிசோதனைகளைச் செய்துவிட்டுத்தான் எங்களையும் உள்ளே விட்டார்கள்.

பக்கவிளைவைக் காட்டி எங்களைத் தடுக்கப் பார்த்தவர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான்: தினமும் இருபது தடவை விழுவதன் பக்கவிளைவு என்ன? மூன்று மருந்துகளின் மயக்கத்தில் அவள் பேச்சே குறைந்துபோயிருந்ததே, அது?

என்ன சொன்னாலும் நம்பாதவர்களிடம் என்ன செய்வது?

விளக்கத்தை நிறுத்திவிட்டு, கூட்டிக்கொண்டு போங்கள். என் மாமியாருக்கு நான் மாதக்கணக்கில் விளக்கினேன். அத்தை எல்லாவற்றுக்கும் "ம்" என்பார், பிறகு கணவரிடம் போய், "அவ பிள்ளையை வதைக்கிறாப்பா" என்பார். ஐந்தாம் மாதப் பரிசோதனைக்கு, "அத்தை, நீங்களும் வாங்க, கேட்க வேண்டியதை நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க" என்று கூட்டிப்போனேன். அத்தை கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர், எலும்பு வளருமா?" மருத்துவர் வளர்ச்சி வரைபடத்தை எடுத்து, புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். திரும்பும் வழியில் அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் சமையலறைக்கு வந்து, "அந்த மெஷினை எப்படி அழுத்தணும்?" என்றார்.

மருமகள் சொல்வதும் மருத்துவர் சொல்வதும் ஒரே வாக்கியமாக இருந்தாலும், கேட்கும் காதில் எடை வேறு. அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

வலிப்பு நாட்குறிப்பும் உதவும். நாங்கள் ஒரு சாதாரண நோட்டில் ஒவ்வொரு வலிப்புக்கும் ஒரு கோடு போட்டுவந்தோம். தொடங்குவதற்கு முந்தைய மாதத்தின் பக்கத்தையும் ஆறாவது மாதத்தின் பக்கத்தையும் அருகருகே விரித்து வைத்தேன். முதல் பக்கத்தில் கோடு போட இடமில்லாமல் ஓரத்திலெல்லாம் இருந்தது.

அப்படியும் ஒத்துவராதவர்கள் உண்டு. அவர்களிடம் பிள்ளையைத் தனியாக விடுவதில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். சண்டை போடவில்லை, உறவை முறிக்கவில்லை. கூடவே இருக்கிறோம், அவ்வளவுதான்.

கணவன் மனைவிக்குள்ளேயே ஒத்துவரவில்லை என்றால்?

தொடங்காதீர்கள், முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் அளக்க, ஒருவர் ஒளித்துக் கொடுக்க, பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளும். நாங்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், மூன்று மாதம் இரண்டு பேரும் முழு மனதாகச் செய்வது, அதன்பிறகு மருத்துவரோடு உட்கார்ந்து பார்ப்பது. மூன்று மாதம் என்பது மருத்துவர்களே பலன் பார்க்கச் சொல்லும் காலம்தான்.

பிறந்தநாள், விசேஷம், விருந்து?

அவள் சாப்பாட்டை அளந்து கையோடு கொண்டுபோகிறோம். அழைத்தவர்களிடம் முன்கூட்டியே ஒரு போன்: "அவளுக்கு நீங்க எதுவும் செய்ய வேண்டாம், தட்டு மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்கிற மாதிரியே வையுங்க." பரிசுப் பையில் மிட்டாய்க்குப் பதில் ஸ்டிக்கர் போடச் சொன்னால் யாரும் மறுத்ததில்லை.

பள்ளியில்?

ஒரே ஒரு தாள், ஒரே பக்கம். எதைத் தரக் கூடாது, வலிப்பு வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. விரிவாக எழுதினால் படிக்க மாட்டார்கள். நண்பர்கள் பகிர்ந்து தருவதுதான் அங்கே பெரிய ஆபத்து என்பதால், வகுப்பாசிரியரே பிள்ளைகளிடம், "இவளுக்கு மருந்துச் சாப்பாடு" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்கள்.

அவசரத்துக்கு வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால்?

மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் எப்போதும் பையில் இருக்க வேண்டும். டிரிப்ஸ் ஏற்றினால் குளுக்கோஸ் கலக்காத சலைன் ஏற்ற வேண்டும், இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தால் மட்டும் குளுக்கோஸ் என்று அதில் இருக்கும். இருமல், காய்ச்சல் சிரப்புகளில் பெரும்பாலும் சர்க்கரை உண்டு. பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ நல்லெண்ணத்தில் ஒரு மூடி ஊற்றிவிடக் கூடாது என்பதால் வீட்டில் சிரப்பே வைத்துக்கொள்வதில்லை. பற்பசைக்கும் டயட்டீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம்.

"ஆயுசு முழுக்க இப்படியேவா?"

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இல்லை. பலன் இருந்தால் சுமார் இரண்டு வருடம் தொடர்ந்துவிட்டு, சில மாதங்களில் விகிதத்தை மெதுவாக இறக்கிச் சாதாரண உணவுக்குக் கொண்டுவருகிறார்கள். வலிப்பு முழுவதும் நின்றுபோன பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அதன்பிறகும் திரும்புவதில்லை. மேலே சொன்ன குளூட்-1 குறைபாடு போன்றவற்றுக்கு மட்டும் நீண்ட வருடங்கள் தொடர வேண்டியிருக்கும். மூன்று மாதத்தில் பலனே தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்த வேண்டிவந்த பெற்றோர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தோற்றவர்கள் இல்லை. அந்த மூன்று மாத உழைப்பை நான் அறிவேன்.

இவ்வளவு கடுமையாக இருக்க முடியாதவர்களுக்கும், பெரிய பிள்ளைகளுக்கும் கொஞ்சம் தளர்வான வகைகள் உண்டு. 2003-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வெளியான திருத்திய அட்கின்ஸ் முறை அதில் ஒன்று. எது பொருந்தும் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது.

"நாங்க என்னதான் செய்யறது? ஆசையா ஒண்ணும் வாங்கித் தரவும் கூடாதா?"

இந்தக் கேள்வி வந்துவிட்டால் அந்த மனிதர் நம் பக்கம் வந்துவிட்டார் என்று அர்த்தம். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். நம் வீடுகளில் பிரியத்தைச் சாப்பாட்டால்தான் காட்டுகிறோம். அந்த வழியை அடைத்துவிட்டு, வேறு வழி திறக்காமல் விட்டால், பிரியம் பிஸ்கெட்டாகத்தான் ஒளிந்து வரும்.

என் அண்ணன் தராசின் பேட்டரியைப் பார்த்துக்கொள்கிறார். என் தம்பி மனைவி, பெரியவனை, அதாவது எங்கள் மகனை, வாரம் ஒரு நாள் வெளியே கூட்டிப்போய் அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடவைக்கிறாள். தங்கை முன்னால் சாப்பிட முடியாமல் அவன் பட்ட சங்கடத்தை நாங்கள் கவனிக்காமல் விட்டிருந்தோம், அவள்தான் கவனித்தாள். அப்பா வரும்போது பிஸ்கெட்டுக்குப் பதில் வண்ணப் பென்சில் கொண்டுவருகிறார். அவளோடு சேர்ந்து நோட்டில் அன்றைய கோடுகளைப் போடுவது அவர் வேலை. கோடு இல்லாத நாளில் அவள் ஒரு பூ வரைகிறாள்.

அத்தைக்குக் காலை வேளை. கிண்ணத்தைத் தராசில் வைத்து, பூஜ்யம் வரும்வரை காத்திருந்து, கிரீமைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். 39.8. கரண்டி நுனியில் ஒரு சொட்டு. 40.1. அந்த ஒரு சொட்டை ஸ்பூனால் எடுத்துவிட்டு, 40 வந்ததும் நிமிர்ந்து பார்க்கிறார். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு, கிண்ணத்தில் ஒட்டியிருக்கிற வெண்ணெயையும் எண்ணெயையும் ரப்பர் கரண்டியால் வழித்து, கடைசி வாயாக அவள் வாயில் ஊட்டுகிறார். அதுவும் அளவில் சேர்ந்தது என்று மருத்துவமனையில் சொன்னது அத்தைக்கு நினைவிருக்கிறது. "ஒரு பொட்டு மிச்சம் வைக்கக் கூடாது, கண்ணு. மருந்து" என்கிறார்.